மேகமும் ஏரியும்

'மேகக் கணிமை' என்பதில் எனக்குள்ள தகராறு அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குகிறது. பொறியாளர்கள் தங்கள் வரைபடங்களில் விவரமாகக் காட்ட அவசியமில்லை என்று கருதிய வலைப்பின்னல் பகுதியை ஒரு மேகம் போல வளைத்து வரைந்துவிட்டு மேலே போவது வழக்கம். அந்தக் கோட்டுச் சித்திரமே பிறகு பெயராயிற்று. 'இதற்குள் என்ன இருக்கிறதென்று நீ பார்க்க வேண்டாம்' என்ற குறிப்பு, இன்று ஒரு பொருளின் பெயராகப் புழங்குகிறது. கேட்க வேண்டாம் என்பதையே பெயராக வைத்துக்கொண்டிருக்கும் ஒன்றிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது எங்கே இருக்கிறது என்பது.

மேகம் என்றதும் நம் மனம் வானத்துக்குப் போகிறது. யாருக்கும் சொந்தமில்லாதது, எல்லார் வயலிலும் பெய்வது, கைம்மாறு கேட்காதது. நம் பழைய கவிகள் வள்ளல்களுக்கு உவமையாக மேகத்தைத் தேடிப் போனது இதற்காகத்தான். இந்த மேகம் அந்த இனமில்லை. அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் நிலம் பிடித்து, சுவர் எழுப்பி, மின்சாரம் இழுத்து, டீசல் ஜெனரேட்டர் நிறுத்தி, இரவு பகலாகக் குளிரூட்டி நடத்தப்படும் கட்டடங்கள் அவை. சென்னைக் கடற்கரையில் கரையேறும் கேபிள்கள் அவற்றை வெளிநாட்டுக் கட்டடங்களோடு இணைக்கின்றன. 2024இல் உலகெங்கும் இத்தகைய தரவு மையங்கள் செலவழித்த மின்சாரம் சுமார் 415 டெராவாட் மணி, உலகின் மொத்த நுகர்வில் ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் என்பது சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்கு. மேகம் பூமியில் இருக்கிறது. யாரோ ஒருவருடைய பட்டா நிலத்தில் இருக்கிறது. இதை மனத்தில் இருத்திக்கொண்டால் அதன் லாப நஷ்டங்களைப் பிரமையில்லாமல் பேச முடியும்.

இப்போது இதைப் பேசக் காரணம் உண்டு. நம்மில் சிலர் பல வருஷங்களாகச் சேர்த்து வைத்திருக்கும் சிற்றிதழ்களையும், எழுத்தாளர்களின் கடிதங்களையும், அச்சேறாத கையெழுத்துப் பிரதிகளையும் ஸ்கேன் செய்து ஒரு பெரிய கம்பெனியின் மேகத்தில் ஒரே கணக்கில் ஏற்றிவிடலாம் என்ற யோசனை நண்பர்களிடையே உலவுகிறது. மாத வாடகை ஓர் இதழின் தபால் செலவுகூட ஆகாது என்கிறார்கள். வாலாஜாபாத்தில் என் வீட்டுப் பரணில் இரண்டு தகரப் பெட்டி நிறைய இதழ்கள் இருப்பதால் என் அபிப்பிராயத்தையும் கேட்டிருக்கிறார்கள். அபிப்பிராயம் சொல்வதற்குமுன் கேள்வியைச் சரியாகப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதே என் கட்சி.

எடுத்த எடுப்பிலேயே இந்த யோசனையை மறுக்கும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இயந்திரம் என்றாலே ஆன்மா போய்விட்டது என்று அழுவது நம் இலக்கிய உலகில் ஒரு பழக்கமாகிவிட்டது. ஓலையின் மீதும் காகிதத்தின் மீதும் காட்டும் பரிவு, ஓலையும் காகிதமும் என்ன கதிக்கு ஆளாயின என்பதை மறந்துவிட்டுக் காட்டப்படுகிறது. பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்ட சமூகம் இது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த ஏடுகளைத் தேடிப் போனபோது அவற்றை ஹோமத் தீயில் இட்டுவிட்டார்கள் என்று கேட்டுத் திரும்பியதை உ.வே.சா. எழுதியிருக்கிறார். செய்தவர்கள் பகைவர்கள் அல்லர், பக்தியோடு செய்தவர்கள். பகையோடு செய்தவர்களும் உண்டு. 1981 மே 31 இரவு தொடங்கி எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றில் வேறெங்கும் இல்லாத சுவடிகளும் பத்திரிகைகளும் இருந்தன. அந்தச் சாம்பலை நினைத்துப் பார்க்கும் எவனும், 'ஒரு நகல் இன்னொரு கடலுக்கு அப்பால் இருந்திருந்தால்' என்று ஏங்காமல் இருக்க முடியாது. மேகத்தின் முதல் நியாயம் இதுதான்: தூரம். ஒரு நெருப்போ, ஒரு வெள்ளமோ, ஒரு கும்பலோ எட்ட முடியாத தூரத்தில் நகல் இருக்கிறது.

வெள்ளத்தைப் பற்றி எங்கள் ஊர்க்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பல வருஷம் மணலாகவே கிடக்கும் பாலாறு 2021 நவம்பரில் கரை தெரியாமல் ஓடிற்று. அவளூருக்குப் போகும் தரைப்பாலத்தின் மேலும் தண்ணீர் போயிற்று. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, 1878இல் தொடங்கிய 'தி ஹிந்து' தன் வரலாற்றில் முதன்முறையாக ஒரு நாள் இதழை அச்சிட முடியாமல் போயிற்று. பெரிய ஸ்தாபனத்துக்கே அந்த நிலை என்றால் நம் தகரப் பெட்டிகள் எந்த மூலை? ஒழுங்காக நடத்தப்படும் மேகத்தில் ஒரு கோப்பு ஒரே கட்டடத்தில் இருப்பதில்லை. தனித்தனி மின் இணைப்புள்ள பல கட்டடங்களில் அதன் நகல்கள் இருக்கும். ஒரு தட்டு பழுதானால் இயந்திரமே இன்னொரு நகல் எடுத்து ஈடுசெய்துவிடும். ஏடு பெயர்த்தெழுதியவர்கள் தலைமுறைக்கு ஒருமுறை செய்ததை அது ஓயாமல் செய்கிறது. அதுவும் பாடபேதம் இல்லாமல்.

இரண்டாவது நியாயம், எளியவனுக்குக் கிடைக்கும் வலிமை. 2006இல் அமேஸான் தன் சேமிப்பிடத்தை ஊர் பேர் தெரியாதவருக்கும் வாடகைக்கு விடத் தொடங்கியதிலிருந்து, சொந்தமாக ஓர் இயந்திரம்கூட வாங்க முடியாதவன் ஒரு வங்கி உபயோகிக்கும் அதே இயந்திரத்தில் ஒரு மூலையை உபயோகிக்கிறான். உபயோகித்த அளவுக்குக் காசு. 300 பிரதி அச்சடித்து, 100 பிரதி விற்று, மூன்றாவது இதழோடு நின்றுபோவது நம் மரபு. நமக்கு இது அற்ப விஷயமில்லை. திருநெல்வேலியில் இருக்கும் ஒரு மாணவன் என் பரணில் இருப்பதைப் படிக்க வாலாஜாபாத் வரை ரயில் மாறி மாறி வரவேண்டும் என்று எதிர்பார்ப்பதில் ஒரு ஜமீன்தார் மனோபாவம் இருக்கிறது. சேர்த்து வைத்திருப்பவன் வாசல்காப்பவன் ஆகிவிடுகிறான். மேகம் அந்த வாசலை இடிக்கிறது, இடிக்கட்டும்.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பக்கத்தில் இருப்பதெல்லாம் நம்முடையதும் அல்ல. எங்கள் பக்கத்து நெசவூர்களில் பட்டுப்புடவையின் கரையும் முந்தியும் புட்டாவும் ஜக்கார்டு பெட்டியின் அட்டைகளில்தான் காலங்காலமாக இருந்து வந்திருக்கின்றன. அட்டையில் துளை இருக்கும் இடத்தில் பாவு இழை எழும். இல்லாத இடத்தில் எழாது. 1804இல் பிரான்சில் ஜக்கார்டு செய்த இந்த ஏற்பாட்டைத்தான் பின்னால் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். ஆக, கணிப்பொறியின் நினைவு தறியின் மேல் தொங்கிய ஒரு மாலை அட்டைகளில் தொடங்கியது என்று சொன்னால் மிகையில்லை. அந்த அட்டை நெசவாளியின் தலைக்கு மேலேயே தொங்கிற்று. ஆனால் பெரும்பாலும் அது அவனுக்குச் சொந்தமில்லை. டிசைன் முதலாளியுடையது, அட்டை முதலாளியுடையது, புடவை முடிந்ததும் அதுவும் முதலாளியுடையது. ஆயுள் முழுதும் நெய்தவன் கையில் தான் நெய்ததன் அடையாளமாக ஒரு துண்டு இழைகூட மிஞ்சாது. இன்று அவன் தறியிலிருந்து புடவையை அறுத்ததும் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்கிறான். படம் எங்கோ ஒரு மேகத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. தன் வேலையின் நினைவு முதல்முறையாக அவன் வசம் இருக்கிறது. அதே படம் நாலு கை மாறி வேறு ஊர் விசைத்தறிக்குப் போய், கோர்வை போட ஆளில்லாமலே, கோர்வை போன்ற ஒன்றாகக் கடைக்கு வந்துவிடுவதும் நடக்கிறது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06இல் கிடைத்த புவிசார் குறியீடு பெயரைக் காக்கும், படத்தைக் காக்காது. அவனுக்கு நினைவைக் கொடுத்த ஏற்பாடே அவன் டிசைனை ஊரார் கையிலும் கொடுத்துவிடுகிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விலக்கும் வழி அவனிடம் இல்லை.

இனி நஷ்டத்தின் பக்கம்.

கறையானுக்கு ஒரு பொறுமை உண்டு. ஒரு வீட்டில் முதல் பக்கத்தைத் தின்னும், இன்னொரு வீட்டில் கடைசிப் பக்கத்தை. பத்து ஊர்களில் பத்து விதமாகச் சிதைந்த ஏடுகளை ஒப்பிட்டு ஒரு முழு நூலைப் பதிப்பாசிரியர்கள் மீட்டுக்கொண்டது இந்தப் பொறுமையால்தான். மேகத்தில் நேரும் இழப்பு அந்த ஜாதி அல்ல. பெரும்பாலும் எதுவுமே போவதில்லை. போனால் ஒரே விநாடியில் எல்லாம் போய்விடுகிறது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் கம்பெனியின் கட்டடம் ஒன்று எரிந்தபோது, தனியாக நகல் வைத்துக்கொள்ளாத பலர் எல்லாவற்றையும் இழந்தார்கள். நகல் எடுத்து வைப்பது வேறு கட்டணத்துக்கு உரிய வேறு சேவை என்பது அன்றைக்குத்தான் பலருக்கு உறைத்தது. 2025 செப்டம்பர் 26 அன்று தென் கொரியாவின் தேஜோன் நகரில் அரசுத் தரவு மையம் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் கோப்புகளை வைத்திருந்த 858 டெராபைட் சேமிப்பு அழிந்தது. அளவு மிகப் பெரிதாக இருந்ததால் அதற்கு வெளி நகல் வைக்கவில்லை என்று விளக்கம் வந்தது. உலகின் மிகத் தேர்ந்த தொழில்நுட்ப நாடுகளில் ஒன்றில் நடந்தது இது. மேகம் என்றாலே பல இடத்தில் நகல் இருக்கும் என்பது நம் அனுமானம். இருக்கிறதா என்பது ஒப்பந்தத்தையும் நடத்துகிறவனின் நேர்மையையும் பொறுத்த விஷயம்.

நெருப்பாவது விபத்து. விபத்தில்லாத முறைகள் இன்னும் யோசிக்க வைப்பவை. யாஹூ 2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸை மூடியது. தமிழ் எழுத்துருக்கள் ஒருவருக்கொருவர் புரியாத காலத்தில் தட்டுத் தடுமாறி எழுதப்பட்ட பக்கங்களும் அதில் இருந்தன. தன்னார்வலர்கள் ஓடி ஓடி வாரிக்கொண்டது போக மற்றவை மறைந்தன. குற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. லாபமில்லாத கடையை மூடினார்கள். 2025 ஜூலையில் நயாரா எனர்ஜி என்ற எண்ணெய்க் கம்பெனியின் மின்னஞ்சலையும் கோப்புகளையும் மைக்ரோசாஃப்ட் நிறுத்திற்று. இந்தியாவில், இந்தியச் சட்டப்படி நடக்கும் கம்பெனி, காசும் கட்டியிருந்தது. காரணம், ஐரோப்பிய ஒன்றியம் விதித்த ஒரு தடை. தில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போன பிறகு சில நாட்களில் சேவை திரும்பிற்று. குஜராத்தில் பெரிய சுத்திகரிப்பு ஆலை வைத்திருப்பவனுக்கு வக்கீல் வைக்க வசதி இருக்கிறது. 300 பிரதி சிற்றிதழுக்கு எந்த நீதிமன்றம்? யாரோ ஒரு கவிதையை ஆபாசம் என்று ஓர் இயந்திரம் கருதி, நம் கணக்கை ஓர் இரவில் பூட்டிவிட்டால், முறையிட ஒரு மனிதமுகம்கூட நமக்குக் கிடைக்காது. கணக்கை வைத்திருந்த நண்பர் காலமாகிவிட்டார், கடவுச்சொல் அவரோடு போய்விட்டது என்றால் என்ன செய்வது? இதற்கெல்லாம் தீயே தேவையில்லை.

அச்சடித்த இதழ்களின் பாதுகாப்பு எதில் இருந்தது என்பது இங்கே விளங்குகிறது. 300 பிரதிகள் 300 வீடுகளுக்குப் போய்விட்ட பிறகு அதை யாராலும் திரும்பப் பெற முடியாது. ஆசிரியரே மனம் மாறினாலும் முடியாது. அரசு தடை செய்தால்கூட முந்நூறு பரண்களில் ஏறியாக வேண்டும். நம் ஏழ்மையைப் பற்றி நாம் அலுத்துக்கொண்ட அந்தச் சிறு அச்சுத்தொகைதான், யாரும் திட்டமிடாமலே, நல்ல சேமிப்பு ஏற்பாடாக இருந்திருக்கிறது.

வாடகைக்கு எடுத்த வலிமையைப் பற்றி என் ஊரின் பெயரே ஒரு பாடம் வைத்திருக்கிறது. வாலாஜாபாத் என்ற பெயர் ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவுடையது. தனக்கென்று போதுமான படையை வைத்துக்கொள்வதைவிடக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை வாடகைக்கு எடுப்பது அவருக்குச் சௌகரியமாக இருந்தது. நல்ல படை, ஒழுங்கான பயிற்சி, வேண்டும்போது வரும். வாடகை பாக்கி நின்றது. பாக்கிக்குக் கடன், கடனுக்கு வரி வசூல் ஈடு. கம்பெனியின் உத்தியோகஸ்தர்களே தனித்தனியாக அவருக்கு வட்டிக்குக் கொடுத்தார்கள். 1763இல் எங்கள் செங்கல்பட்டுச் சீமை ஜாகிராகக் கம்பெனிக்குப் போயிற்று. இந்தக் கடன்களின் ஊழலைப் பற்றி எட்மண்ட் பர்க் 1785இல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் பேசிய பேச்சு பிரசித்தம். நவாப் 1795இல் இறந்தார். 1801இல் கர்நாடக ராஜ்யத்தின் ஆட்சியே கம்பெனியின் கைக்கு வந்துவிட்டது. அவர் பெயர் தாங்கிய இந்த ஊரில் பாளையம் இறங்கியிருந்தது கம்பெனியின் படை. எந்த ஒரு தினத்திலும் அவர் ராஜ்யத்தைக் கொடுத்துவிடவில்லை. ஒவ்வொரு தினமும் ஒரு சௌகரியத்தை எடுத்துக்கொண்டார்.

இந்த ஒப்புமையை மட்டுமீறி இழுக்க நான் விரும்பவில்லை. வாடகைக்கு எடுப்பதே அடிமைத்தனம் என்றால் வாடகை வீட்டில் இருக்கும் நாமெல்லாம் அடிமைகள். என் கவலை வாடகையைப் பற்றியதல்ல. வாடகைக்கு எடுத்ததைச் செய்யும் திறமையை நாம் மறந்துபோவதைப் பற்றியது. நவாபுக்குப் படை நடத்தத் தெரியாமல் போனது போல நமக்குக் காப்பாற்றத் தெரியாமல் போய்விடும். காப்பாற்றுவது என்பதோ வெறும் சேமிப்பு அல்ல. ஏடு பெயர்த்தெழுதியவன் எழுத்துக்கு எழுத்து படித்தாக வேண்டும். தப்பாகப் படித்தான், தன் சரக்கையும் இடைச்செருகினான், ஆனாலும் படித்தான். ஒரு நூல் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்றால் தலைமுறைக்கு ஒருவனாவது அதை முழுக்கப் படித்திருக்கிறான் என்று பொருள். மேகம் பிசகில்லாமல் நகல் எடுக்கிறது. யாரும் படிக்காமல் எடுக்கிறது. படிப்பதென்றால் இயந்திரம் படிக்கிறது, தன் காரியங்களுக்காக. ஒரு வாசகன்கூட இல்லாமல் ஒரு பிரதி நூறு வருஷம் பத்திரமாக இருப்பது இலக்கிய வரலாற்றில் புதிய நிலை. அதை ஜீவனோடு இருக்கிறது என்று சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

எல்லாவற்றையும் வைத்துக்கொள்வதே இதன் குணமாக இருப்பதால் தேர்வு என்ற செயல் மங்குகிறது என்றும் ஒரு வாதம் உண்டு. சிற்றிதழ் என்பதே ஒரு தேர்வு, 48 பக்கத்துக்குள் ஒரு தீர்மானம். ஆனால் இந்த வாதத்தை நான் முழு மனத்தோடு ஏற்கவில்லை. தேர்ந்தவர்கள் யார், தள்ளப்பட்டவை யாருடையவை என்ற கேள்வி இருக்கிறது. பண்டிதர்கள் மதிக்காததால் பெயர்த்தெழுதப்படாமல் போனவை எத்தனை என்பதற்கு நம்மிடம் பட்டியல்கூட இல்லை. குப்பை என்று நாம் தள்ளியதும் எங்கோ இருக்கட்டும். நாளைக்கு வருபவன் நம் தீர்ப்பின் மீது தீர்ப்புச் சொல்ல அதுவே வழி.

ஆகவே மேகமா, பரணா என்று கேள்வியைப் போடுவதே பிசகு. பாதுகாப்பாக வைக்கும் பொறுப்பை ஏற்பவன் யாருக்குப் பதில் சொல்கிறான் என்பதுதான் கேள்வி. இதற்கு எங்கள் பக்கத்திலேயே ஒரு பழைய விடை, சுவரில் வெட்டியபடி நிற்கிறது.

வாலாஜாபாத்திலிருந்து பாலாற்றைத் தாண்டித் தெற்கே போனால் உத்தரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, 919ஆம் ஆண்டுடையதும் 921ஆம் ஆண்டுடையதும். குடவோலை முறையைப் பற்றி மேடைகளில் அடிக்கடி முழங்கப்படுவதால் நமக்கு அலுத்துப்போன விஷயம். ஜனநாயகத்தின் தொட்டில் என்ற கோஷத்தை ஒதுக்கிவிட்டு அதைப் படிக்க வேண்டும். அது ஒரு பிரமதேயத்துச் சபை. நிலமில்லாதவனுக்கும் பெண்ணுக்கும் அதில் இடமில்லை. வேதக் கல்வி தகுதி. அந்தச் சபையைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமென்று எவனும் கேட்கமாட்டான். ஆனால் பொதுச் சொத்தைக் காப்பவர்களைப் பற்றி அது யோசித்திருக்கும் விதம் கவனிக்கத்தக்கது. 30 குடும்புகளிலிருந்து பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லி, சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று அமைக்கிறார்கள். பதவி 360 நாள். முந்தின மூன்று வருஷங்களில் வாரியம் செய்தவன் மறுபடி வர முடியாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாமல் இருந்தவனும் அவனது உறவினரும் குடத்தில் பெயர் போடவே தகுதியில்லாதவர்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. 919இல் வயது வரம்பு முப்பதுக்கு மேல், அறுபதுக்குள் என்று வெட்டியவர்கள், இரண்டு வருஷத்தில் அதைத் திருத்தி முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள் என்றார்கள். திருத்தியபோது பழைய விதியைச் சுவரிலிருந்து சுரண்டி எடுக்கவில்லை. இரண்டும் நிற்கின்றன. விதி என்ன, என்றைக்கு மாறிற்று, எப்படி மாறிற்று என்பதை, படிக்கத் தெரிந்த யாரும் இன்றைக்கும் நின்று பார்த்துவிட்டுப் போகலாம். 'நிபந்தனைகளை ஏற்கிறேன்' என்ற பொத்தானை நாம் அழுத்துகிறோம். அந்த நிபந்தனைகள் நேற்று வேறு மாதிரி இருந்தனவா என்று சொல்ல எந்தச் சுவரும் இல்லை.

அந்த ஊரின் பெரிய ஏரிக்குப் பல்லவர் காலத்துப் பெயர் வயிரமேகத் தடாகம். மேகத்தின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் மேகத்தை நம்பி அவர்கள் பயிர் வைக்கவில்லை. வருஷத்துக்குச் சில வாரம் பெய்வதைப் பிடித்து வைக்க ஒரு கரை போட்டு, கரைக்கு ஒரு வாரியம் போட்டார்கள். மழை யார் கையிலும் இல்லை. கரை தங்கள் கையில் இருக்கிறது என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இல்லை. தூர் வாராத ஏரி சில தலைமுறைகளில் மேடாகி, மேடு புறம்போக்காகி, புறம்போக்கு மனைப்பிரிவாவதை எங்கள் மாவட்டத்தில் கண்ணெதிரே பார்க்கிறோம். குடிமராமத்து நின்ற இடத்தில்தான் இது தொடங்கிற்று. ஏரி இனி அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று ஊர் நினைத்துக்கொண்ட இடத்தில்.

நண்பர்களின் யோசனைக்கு என் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. மேகத்தில் வைக்கலாம்; வைக்க வேண்டும். ஆனால் அது நகல்களில் ஒன்றாக இருக்க வேண்டும், மூலமாக இருக்கக் கூடாது. அதே கோப்புகள் மூன்று ஊர்களில் மூன்று வீடுகளில் தனித்தட்டுகளில் இருக்கட்டும். எந்தக் கம்பெனியின் தயவும் இல்லாமல் திறக்கக் கூடிய வடிவத்தில் இருக்கட்டும். கடவுச்சொல் இருவரிடம் இருக்கட்டும். அவர்களில் ஒருவர் நாற்பது வயதுக்கு உட்பட்டவராக இருக்கட்டும். ஸ்கேன் ஆனபின் காகிதத்தை எடைக்குப் போடாமல், ரோஜா முத்தையா நூலகம் போன்ற ஓர் இடத்துக்குக் கொடுத்துவிடலாம். 1994இல் அது தொடங்கியதே கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்து வைத்திருந்தவற்றிலிருந்துதான். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005இல் தொடங்கிய ஈழத்து நூலகம் திட்டமும் கணிப்பொறிகளை நம்பித்தான் நடக்கின்றன. அவை நிற்பது இயந்திரத்தால் அல்ல. தட்டச்சு செய்தவர், பிழை திருத்தியவர், பொறுப்பேற்றவர் என்று கேட்டால் பதில் சொல்ல ஆட்கள் இருப்பதால்.

இவ்வளவுக்கும் செலவு அதிகமில்லை. கஷ்டமான பகுதி வேறு. வருஷத்துக்கு ஒரு நாள், யாராவது இருவர் உட்கார்ந்து, எல்லாத் தட்டுகளையும் திறந்து பார்த்து, நாலு இதழையாவது அடியிலிருந்து நுனி வரை படித்து, என்ன இருக்கிறது, என்ன போயிற்று என்று மற்றவர்களுக்கு ஒரு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும். மறு வருஷம் வேறு இருவர். கணக்கு அனுப்பாதவர் மூன்று வருஷம் ஒதுங்கியிருக்கட்டும். உறவினரைத் தள்ளிவைக்கும் அளவுக்கு நாம் கடுமை காட்ட வேண்டியதில்லை; நம்மில் பலருடைய உறவினர்கள் இந்த இதழ்களைத் தொட்டே பார்த்ததில்லை.

என் இரண்டு தகரப் பெட்டிகளையும் தரத் தயார். முதல் வருஷத்துக்கு யார் இருவர் என்று முடிவு செய்து எழுதுங்கள்.